அச்சு வேலைக்கு டிசைன் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அழைப்பிதழ், காலண்டர், பட்டாசுப் பெட்டி, மசாலா பாக்கெட், ஜவுளிக்கடை ஃபிளக்ஸ், கோயில் மலர் என்று அச்சுக்குப் போகும் வேலைகளைச் செய்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. வீடியோ எடிட்டிங்கும் முப்பரிமாண அனிமேஷனும் செய்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவர்களுடைய கணக்கு வேறு.

கடைக்குப் போய் "டிசைன் வேலைக்கு நல்ல சிஸ்டம் வேண்டும்" என்றால் ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். எப்படித்தான் கேட்பது?

அப்படிக் கேட்டால் சென்னையின் கம்ப்யூட்டர் கடைவீதியான ரிச்சி தெருவில் உங்களுக்குக் கிடைப்பது, அன்றைக்குக் கடையில் தேங்கிக் கிடக்கும் சரக்காகத்தான் இருக்கும். போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கடந்த ஓராண்டில் நீங்கள் செய்ததிலேயே பெரிய ஃபைல் எது, ஒரே நேரத்தில் எந்தெந்த மென்பொருள்களைத் திறந்து வைத்திருப்பீர்கள், இப்போதுள்ள கம்ப்யூட்டர் எந்த இடத்தில் உங்களைக் காக்க வைக்கிறது. மூன்றாவது கேள்விக்கான பதிலில்தான் பணம் எங்கே போக வேண்டும் என்பது இருக்கிறது. ஃபைல் திறக்க நேரமாகிறது என்றால் ஒரு மருந்து. பிரஷ் இழுத்தால் பின்தங்கி வருகிறது என்றால் வேறு மருந்து. திரையில் பார்த்த சிவப்பு காகிதத்தில் செங்கல் நிறமாக வந்தது என்றால் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியதில்லை.

ஃபைலின் எடையைக் கணக்கிடுவது எளிது. டபுள் கிரவுன் அளவு, அதாவது 20 × 30 அங்குலத்தில் ஒரு காலண்டர். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 6,000 × 9,000 பிக்சல், 5.4 கோடி புள்ளிகள். சிஎம்ஒய்கே எனும் அச்சு மையின் நான்கு நிறத்துக்கும் (சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு) ஒரு புள்ளிக்கு நான்கு பைட். ஆக, முழு அளவு லேயர் ஒன்றுக்குச் சுமார் 216 எம்பி. சாமி படம், பின்னணி, பூ வேலைப்பாடு, நிழல் என்று பதினைந்து லேயர் ஏறினால் 3 ஜிபியைத் தாண்டிவிடும். இதற்குமேல் போட்டோஷாப் வழக்கமாக 50 படிகள் வரை பின்னோக்கிச் செல்வதற்காக நினைவில் வைத்துக்கொள்வது தனி. இந்த ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு போனால் கடைக்காரர் பேசும் தொனியே மாறிவிடும்.

ஃபிளக்ஸ் வேலைக்கு மிகப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டுமாமே?

ஃபிளக்ஸையும் 300 டிபிஐயில் செய்கிறவர்களுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் போதாது. 20 × 10 அடி பேனரை 300 டிபிஐயில் திறந்தால் 72,000 × 36,000 பிக்சல். ஒரே லேயர் 10 ஜிபிக்கு மேல். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்தில் 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, 2 ஜிபிக்கு மேலும் ஏற்காது. பெரிய ஃபைல்களுக்கான பிஎஸ்பி வடிவத்தில்தான் சேமிக்க முடியும். அதே பேனரை 72 டிபிஐயில் செய்தால் லேயருக்கு 600 எம்பிக்குள் அடங்கிவிடும். சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எழுத்துகளையும் லோகோவையும் வெக்டாராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக, கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் போட்டோஷாப்பில் செய்தால் இன்னும் இலகு.

எத்தனை கோர் உள்ள புராசசர் வாங்க வேண்டும்?

புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுதான் கோர். அதன் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகம் முக்கியம். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், கோரல்டிரா ஆகியவற்றில் நீங்கள் செய்யும் பெரும்பாலான வேலைகளை ஒன்றிரண்டு கோர்களே சுமக்கின்றன. போட்டோஷாப்பிலும் சில ஃபில்டர்களைத் தவிர நிலைமை ஏறக்குறைய இதுதான். ஆகவே தற்போதைய தலைமுறை இன்டெல் கோர் அல்ட்ரா 5 அல்லது 7, ஏஎம்டி ரைசன் 5 அல்லது 7 தாராளமாகப் போதும். கோர் அல்ட்ரா 9, ரைசன் 9 வாங்கினால் மற்ற கோர்கள் பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குச் சம்பளம் கொடுப்பது நீங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட சியான் என்ற இன்டெல் சர்வர் புராசசர் இரண்டு பொருத்திய வொர்க்ஸ்டேஷன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இருபது கோர், 64 ஜிபி ரேம் என்று கேட்கவே இனிக்கும். ஆனால் அவற்றின் ஒற்றைக் கோர் வேகம் இன்றைய நடுத்தர புராசசரின் பாதிகூட வராது. மின்கட்டணம் மட்டும் உண்மையிலேயே வொர்க்ஸ்டேஷன் அளவுக்கு வரும்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (புராசசருக்குள் இயங்கும் நிரல்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் தலைமுறையைப் பழையதாக வாங்கும் எண்ணம் இருந்தால் மதர்போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். முன்பே சேதமான சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது.

ரேம் 16 ஜிபி போதுமா?

விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்றால் போதும். மேலே சொன்ன காலண்டர் போல வேலை செய்பவர்கள் 32 ஜிபியில் தொடங்குங்கள். பெரிய பேனர், பல படங்களை ஒட்டிச் சேர்க்கும் பேக்கேஜிங், கூடவே இன்டிசைனில் இருநூறு பக்க மலர் என்று போகிறவர்களுக்கு 64. ரேம் தீர்ந்ததும் போட்டோஷாப் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அதிலிருந்து ஒவ்வொரு அசைவும் இழுக்கும். அதுவரை வேகமாக இருந்த கம்ப்யூட்டர் மாலை நான்கு மணிக்குத் திடீரென்று மந்தமாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டு துண்டாக வாங்குங்கள்: 2 × 16 அல்லது 2 × 32. ஒற்றைத் துண்டு போட்டால் நினைவகத்தின் ஒரு பாதை வீணாகிறது. டிடிஆர்5 வகையில் நான்கு துண்டு செருகினால் வேகம் குறைந்துதான் ஓடும். அதனால் "இப்போது இரண்டு, பிறகு இரண்டு" என்ற பழைய கணக்கு இப்போது அவ்வளவு லாபமில்லை. 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால் இந்த ஒரு பொருள் மட்டும் பட்ஜெட்டைத் தின்கிறது என்பது உண்மை. அப்படியும் கிராபிக்ஸ் கார்டில் குறைத்து ரேமில் சேர்ப்பதே சரி என்பேன். இன்னொன்று: பல கடைகளில் ரேமை அதன் அடிப்படை வேகத்திலேயே ஓடவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டிசைன் செய்ய முடியுமா?

முடியும். கோரல்டிராவும் இல்லஸ்ட்ரேட்டரும் மட்டுமே பயன்படுத்துகிறவருக்கு புராசசரோடு வரும் கிராபிக்ஸே போதும். பெயரிலேயே கிராபிக்ஸ் என்று இருப்பதால் கிராபிக் டிசைனுக்கு அதுதான் உயிர்நாடி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

போட்டோஷாப்பில் கார்டு உதவும் இடங்கள் உண்டு: திரையைப் பெரிதாக்கி நகர்த்துவது, லிக்விஃபை, சில மங்கல் ஃபில்டர்கள், கேமரா ராவில் இரைச்சல் நீக்கம். வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் அனுப்பிய கட்டைவிரல் அளவுப் படத்தை ஏஐ மென்பொருளால் பெரிதாக்கும் வேலை தினமும் இருந்தால் கார்டின் அருமை தெரியும். நிமிடக்கணக்கில் ஆவது நொடிக்கணக்கில் முடியும். அதற்கும் 8 ஜிபி நினைவகமுள்ள நடுத்தர என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு போதும். போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் வேகமாகும் என்று சொல்லி விலை உயர்ந்த கார்டை விற்கப் பார்த்தால் நம்பாதீர்கள். சொற்களில் கேட்டதைப் படத்தில் நிரப்பித் தரும் அந்த வேலை உங்கள் கம்ப்யூட்டரில் அல்ல, இணையம் வழியாக வெளி சர்வரில் நடக்கிறது. உங்களிடம் தேவைப்படுவது நல்ல இணைய இணைப்பு.

குவாட்ரோ கார்டுதான் தொழில்முறைக்கு என்கிறார்களே?

குவாட்ரோ என்பது என்விடியாவின் தொழில்முறைக் கார்டுகளுக்கு இருந்த பெயர். ஒரு காலத்தில் அந்தப் பேச்சுக்குக் காரணம் இருந்தது. நிறத்துக்கு 10 பிட் காட்டும் வசதி, அதாவது நிறப் படிகளை இன்னும் நுணுக்கமாகக் காட்டுவது, போட்டோஷாப்பில் அந்த வகைக் கார்டுகளில்தான் கிடைத்தது. 2019இல் என்விடியா தன் ஸ்டுடியோ டிரைவர் வழியாக அதைச் சாதாரண ஜீஃபோர்ஸ் கார்டுகளுக்கும் திறந்துவிட்டது. பொறியியல் வரைபட மென்பொருள்களுக்கு இன்றும் சான்றளிக்கப்பட்ட கார்டு தேவைப்படலாம். அச்சு டிசைனுக்கு இல்லை. கேமிங் கார்டு வாங்கி, கேம் டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவரை நிறுவிக்கொள்ளுங்கள்.

மானிட்டருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

மொத்தப் பட்ஜெட்டில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதிகமாகத் தோன்றும். ஆனால் இந்தத் தொழிலில் நாள் முழுக்க நீங்கள் பார்ப்பதும் தீர்மானிப்பதும் அதில்தான். மூன்று தலைமுறைக் கம்ப்யூட்டர் மாறினாலும் நல்ல மானிட்டர் மாறாமல் நிற்கும். லட்ச ரூபாய் கேபினெட்டின் மேல் ஏழாயிரம் ரூபாய் மானிட்டரை வைத்துக்கொண்டு, "பிரஸ்காரர் கலரைக் கெடுத்துவிட்டார்" என்று சண்டை போடும் ஸ்டுடியோக்கள் ஊருக்கு நான்கு இருக்கும்.

ஐபிஎஸ் பேனல் கட்டாயம். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும் மலிவுப் பேனல்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவே உதவா. நோட்டீஸ், ஃபிளக்ஸ், சமூக ஊடக வேலைகளுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற எல்லையை 100 சதவீதம் காட்டும் மானிட்டர் போதும். பளபளப்புத் தாளில் ஆஃப்செட் அடிக்கும் பேக்கேஜிங், சேலை கேட்டலாக், ஆல்பம் என்றால் அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி எல்லையை 95 சதவீதத்துக்கு மேல் காட்டுவதைத் தேடுங்கள். ஆஃப்செட் மையால் அடிக்க முடிகிற சில சயான், பச்சை நிறங்கள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே நிற்கின்றன. மயில் கழுத்து நிறச் சேலையை எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் சரிபார்ப்பது முழுதாக நடக்காத காரியம். விளம்பரங்களில் அதிகம் பேசப்படும் டிசிஐ-பி3 என்ற நிற எல்லை சிவப்புப் பக்கம் விரிந்தது. சயான் பக்கம் அடோபி ஆர்ஜிபி அளவுக்கு வராது. வாங்கும்போது எந்த எல்லையில் எத்தனை சதவீதம் என்று கேட்பது அதனால்தான்.

ஐசோ கலர்எட்ஜ் வரிசை விலையிலும் தரத்திலும் உச்சி. பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை, ஆசுஸ் புரோஆர்ட், டெல் அல்ட்ராஷார்ப் ஆகியவை அதற்குக் கீழே பல விலைகளில் இருக்கின்றன. புரோஆர்ட், அல்ட்ராஷார்ப் என்ற பெயருக்காக மட்டும் வாங்க வேண்டாம். ஒரே பெயரில் எஸ்ஆர்ஜிபி மட்டும் காட்டும் மாடலும் உண்டு, அகன்ற நிற எல்லை உள்ளதும் உண்டு.

நல்ல மானிட்டர் வாங்கியும் அச்சில் நிறம் மாறி வருகிறது. ஏன்?

பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று.

முதலாவது, திரை வெளிச்சம். மானிட்டர்கள் கடையில் கண்ணைப் பறிப்பதற்காக 250 முதல் 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தோடு வருகின்றன. காகிதம் தானாக ஒளிர்வதில்லை. அறை விளக்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. திரையை 100 முதல் 120 நிட்ஸ் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். "பிரிண்ட் டல்லாக வருகிறது" என்ற புகாரில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். முதல் இரண்டு நாள் திரை மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும்.

இரண்டாவது, கேலிப்ரேஷன் செய்யாதது. ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற கருவியைத் திரைமேல் தொங்கவிட்டால் அது நிறங்களை அளந்து உங்கள் மானிட்டருக்கென்று ஒரு புரொஃபைல் (நிறக் குறிப்பு ஃபைல்) எழுதித்தரும். மாதம் ஒருமுறை செய்தால் போதும். மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் ஆன பிறகு செய்யுங்கள். மூன்று நான்கு ஸ்டுடியோக்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கிச் சுற்றில் விடுவதில் தவறில்லை.

மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. போட்டோஷாப்பில் சிஎம்ஒய்கே அமைப்பு பல கம்ப்யூட்டர்களில் நிறுவியபடி யூஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப் என்றே இருக்கிறது. அது அமெரிக்காவின், தாள் சுருளில் ஓடும் வெப் ஆஃப்செட் பத்திரிகை அச்சுக்காக உருவானது. உங்கள் பிரஸ்ஸில் தனித்தனித் தாளாக அடிக்கும் ஷீட் ஃபெட் மெஷினும் ஆர்ட் பேப்பரும் இருக்கும்போது அதற்கும் இதற்கும் என்ன உறவு? எந்தப் புரொஃபைலில் வேண்டும் என்று பிரஸ்ஸிலேயே கேளுங்கள். அவர்களிடம் இல்லையென்றால் கோட்டட் தாளுக்கு ஃபோக்ரா 39 அல்லது 51 என்ற ஐரோப்பியப் புரொஃபைல் நல்ல தொடக்கம். நியூஸ்பிரிண்டுக்கு வேறு புரொஃபைல். அந்தத் தாள் நான்கு நிறமும் சேர்ந்து சுமார் 240 சதவீத மைக்கு மேல் தாங்காது, கறை பிடிக்கும்.

நான்காவது, அறை. பச்சைச் சுவர், ஜன்னல் வெயில், மஞ்சள் பல்பு ஆகியவற்றின் நடுவே உட்கார்ந்து எந்த மானிட்டரைப் பார்த்தும் பயனில்லை. அச்சுப் படியைப் பார்க்க டி50 எனும் பகல் போன்ற வெளிச்சம் என்று ஐஎஸ்ஓ 3664 தரம் சொல்கிறது. அதற்கென்று ஒரு விளக்கு வாங்குவது கிராபிக்ஸ் கார்டின் விலையில் சிறு பங்குதான்.

பட்டாசுப் பெட்டிகளில் வரும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சும் பச்சையும் தனி மை. எந்த மானிட்டரும் அவற்றைக் காட்டாது. எண் கொண்டு குறிக்கப்படும் தனி மை நிறங்களான பான்டோன் நிறங்களுக்கும் திரையை நம்ப வேண்டாம். 2022 நவம்பரில் அடோபி மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பான்டோன் நூலகங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. பான்டோன் நிறங்களை அச்சடித்துக் காட்டும் விசிறிப் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கட்டும்.

4கே மானிட்டர் அவசியமா?

27 அங்குலத்தில் 2560 × 1440 இருந்தால் அங்குலத்துக்கு 109 பிக்சல், அதுவே வசதியானது. 4கே என்றால் 163 பிக்சல், எழுத்தும் கோடும் அச்சுப்போலத் தெளியும், ஆனால் விண்டோஸில் எல்லாவற்றையும் 150 சதவீதம் பெரிதாக்கியே பார்க்க வேண்டும். பழைய மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மெனு எழுத்து எறும்பளவில் தெரியும். பணம் குறைவென்றால் சுமாரான 4கேயைவிட நல்ல நிறமுள்ள 1440 மானிட்டரே மேல்.

மேக்கா, விண்டோஸா?

அடோபி மென்பொருள்கள் இரண்டிலும் ஒன்றுபோலவே ஓடுகின்றன. மேக் வாங்கினால் டிசைன் தானாக நன்றாக வரும் என்ற நம்பிக்கை பத்திரிகை அலுவலகங்களின் பழைய காலத்து மிச்சம். இருந்தாலும் எம் வரிசைச் சில்லோடு வரும் மேக் மினி, அடோபி மட்டும் பயன்படுத்துபவருக்கு விலைக்கேற்ற நல்ல பொருள்: சத்தமில்லை, சூடில்லை, மின்சாரம் சொற்பம், மானிட்டரை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். 2024 முதல் அது 16 ஜிபி நினைவகத்தோடு தொடங்குகிறது. ரேமைப் பிறகு ஏற்ற முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். வாங்கும் நாளில் செய்த முடிவுதான் கடைசி வரை. ஐமேக்கில் இன்னொரு சிக்கல் உண்டு; கம்ப்யூட்டர் பழசானால் கூடவே திரையும் போகும்.

தமிழ்நாட்டு அச்சுத் தொழில் பெரிய அளவில் கோரல்டிராவில் நடக்கிறது. மேக்குக்கு கோரல்டிரா 2019இல் திரும்பி வந்தது என்றாலும், பிரஸ்ஸிலும் கட்டிங் மெஷினிலும் இருப்பது விண்டோஸ். யூஎஸ்பி பூட்டோடு வாங்கிய பழைய தமிழ் எழுத்துருத் தொகுப்பு, பேஜ்மேக்கரில் கிடக்கும் பத்தாண்டு வேலை இவையெல்லாம் இருந்தால் விண்டோஸிலேயே இருங்கள்.

புதுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. கம்ப்யூட்டர் கோளாறா?

இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. மென்பொருளைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். அதனால் எதிலும் உடையாது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு அப்படியல்ல. "கொ" என்று அடித்தால் மெய்யின் இரு பக்கமும் குறிகளைச் சரியாக அமைக்கும் பொறுப்பு மென்பொருளுடையது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் விருப்ப அமைப்புகளில் எழுத்துப் பிரிவுக்குப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி விருப்பங்களைக் காட்டும் அமைப்பு. இவற்றைச் செய்யாமல், கொம்பு தனியாக நிற்கும் "கொ"வோடு அச்சேறிய பெயர்ப்பலகைகளைத் தெருவில் பார்க்கிறோம்.

தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்க முறையையும் ஏற்றுவிட்டது. நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரான், முக்த மலர், மீரா இனிமை போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தலைப்பு எழுத்துகளில் பழைய முறையில் இருக்கும் செழிப்பு யூனிகோடில் இன்னும் முழுதாக வரவில்லை என்பதால் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது. புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும் முன் பழையதன் எழுத்துருக் கோப்பு முழுவதையும் நகலெடுங்கள். அதில் டைப் 1 எனும் பழைய எழுத்துரு வகை இருந்தால், 2023 ஜனவரி முதல் அடோபி அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். பழைய ஃபைல்களை இப்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுவது நல்லது. பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தை கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி அனுப்புங்கள்; மாற்றாத படி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். திருத்தம் வராத வேலை உண்டா?

எஸ்எஸ்டி மட்டும் போதுமா, ஹார்ட் டிஸ்க்கும் வேண்டுமா?

விண்டோஸும் மென்பொருள்களும் ஒரு என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டியில், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளும் ரேம் தீர்ந்ததும் போட்டோஷாப் எழுதும் ஸ்கிராட்ச் இடமும் இன்னொன்றில். முடிந்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்கில். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, நான்காம் தலைமுறை என்விஎம்இ 7,000 வரை என்பார்கள். பிஎஸ்டி சேமிப்பில் அந்தப் பன்னிரண்டு மடங்கை எதிர்பார்க்காதீர்கள். சேமிக்கும்போது ஃபைலைச் சுருக்கும் வேலை புராசசரில் நடக்கிறது, அதுதான் நேரத்தைத் தின்கிறது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தால் அந்தச் சுருக்கத்தை அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

"போன வருடக் காலண்டரிலேயே தேதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று வருகிற வாடிக்கையாளரை நம்பி நடக்கும் தொழில் இது. ஃபைல் போனால் வாடிக்கையாளரும் போவார். மூன்று படி, அதில் இரண்டு வேறு வேறு சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். அவற்றில் ஒன்றாவது எப்போதும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

யூபிஎஸ் தனியாக வேண்டுமா? கடைக்கே இன்வெர்ட்டர் இருக்கிறது.

வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து எழக்கூடும். மலிவு இன்வெர்ட்டர்களின் சதுர அலை மின்சாரம் நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) ஒத்துக்கொள்வதில்லை. ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருக்கும் யூபிஎஸ்ஸையே வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் சேர்த்து 600 விஏ யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும். கார்டு இருந்தால் 1,000 விஏக்குக் குறையாமல். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

பிரஸ் ஓடும் கூடத்திலேயே கம்ப்யூட்டரும் இருந்தால் காகிதத் தூசியும் தாள்கள் ஒட்டாமல் இருக்க மெஷின் தூவும் பவுடரும் விசிறிகளில் அடைந்துவிடும். மே மாதச் சிவகாசி வெயிலில் அப்படி அடைபட்ட புராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வடிகட்டி வலை உள்ள கேபினெட், கண்ணாடித் தடுப்பு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோயர். வண்ண விளக்கு மின்னும் கேபினெட் வேண்டாம்; அந்த வெளிச்சம் திரையில் விழுந்து நிறத்தைக் குழப்பும்.

லேப்டாப் போதாதா?

வாடிக்கையாளர் கடைக்குப் போய்க் காட்ட, ஊருக்குப் போகும்போது அவசரத் திருத்தம் செய்ய நல்லது. முதன்மைக் கருவியாக வேண்டாம். அதே விலையில் வேகம் குறைவு, சூடு அதிகம். விலை குறைந்த லேப்டாப்களின் விவரத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் எஸ்ஆர்ஜிபியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நிறங்களே அதில் தெரியும் என்று பொருள். அதில் நிறம் பார்த்து அச்சுக்கு அனுப்பக் கூடாது.

பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்) வேண்டும். இவை இல்லாத எதையும் என்ன விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரை வாங்கினாலும் பழைய எஸ்எஸ்டியையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிடுங்கள். பழைய மானிட்டர் வேண்டவே வேண்டாம். பின்விளக்கு மங்கி மஞ்சள் பாய்ந்திருக்கும்.

அடோபிக்கு மாதாமாதம் கட்ட முடியவில்லை. கிராக் போட்டுக்கொள்ளலாமா?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாடிக்கையாளர்களின் ஃபைல் எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரில் யாரோ முகம் தெரியாதவர் எழுதிய நிரலை ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுகிறோம் என்பதை யோசியுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், சிஎம்ஒய்கே உண்டு, யூனிகோடு தமிழையும் சரியாக அமைக்கிறது. ஓவியம் வரையும் கிரிட்டாவிலும் சிஎம்ஒய்கே உண்டு. 2025 அக்டோபர் முதல் அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளும் இலவசமாகிவிட்டது. தமிழில் ஒரு பத்தி அடித்துப் பார்த்து உங்கள் வேலைக்கு ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பழக நாளாகும், அதை மறைக்கத் தேவையில்லை.

ஜிஎஸ்டி பில் போட்டு வாங்கினால் விலை கூடுகிறதே?

கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்றால் உள்ளீட்டு வரியாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம். பில் இல்லாமல் வாங்கினால் இரண்டும் கிடையாது. உத்தரவாதத்துக்காகக் கடையில் போய் நிற்கும்போதும் கையில் ஒன்றும் இருக்காது. அசெம்பிள் செய்தால் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வாங்கி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

புது வேலை எதையும் அதில் தொடங்காமல், பழைய கம்ப்யூட்டரில் உங்களை அதிகம் படுத்திய ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்க, ஒரு ஃபில்டர் போட, சேமிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டு ரேமைச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் நிரப்பி இறந்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். வேலை நடக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்து யூபிஎஸ் தாங்குகிறதா என்று பாருங்கள். பிறகு மானிட்டரைக் கேலிப்ரேட் செய்து, ஏற்கெனவே அச்சாகி நிறம் சரியாக வந்த ஒரு வேலையைப் பிரஸ்ஸின் புரொஃபைலோடு திறந்து, அச்சடித்த தாளைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். இவ்வளவையும் கடைக்காரர் பொருளை மாற்றித் தரச் சம்மதிக்கும் நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். அது எத்தனை நாள் என்று பணம் கொடுக்கும் முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள்.